ஓட்டு இல்லாத ஊர்க்காரர்கள்

18 வயது நிரம்பாதவருக்கு ஓட்டு இல்லை. சொத்துவரி ரசீதில் அவர் பெயர் வராது. கார் ஓட்ட உரிமம் கிடையாது. ஆனால் ஒரு நகரத்தின் நடைபாதையிலும் பஸ் நிறுத்தத்திலும் தெருமுனையிலும் காலி மனையிலும் நாள்தோறும் அதிக நேரம் இருப்பவர்களில் அவரும் ஒருவர். பெரியவர்கள் வண்டியில் கடந்துபோகிற இடத்தை அவர் நடந்து கடக்கிறார். எந்த மேன்ஹோல் மூடி ஆடுகிறது, எந்தச் சந்தில் இருட்டிய பிறகு விளக்கு எரியாது, எந்தத் தெரு நாய் துரத்தும், எந்தக் கடை வாசலில் குடித்துவிட்டு ஆட்கள் நிற்பார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தெருவை அகலப்படுத்தவும் பூங்காவுக்கு வேலி போடவும் முடிவெடுக்கிற மேசையில் மட்டும் அவருக்கு நாற்காலி இல்லை.

அந்த மேசைக்கு இவர்களை அழைப்பது எப்படி என்று உலகின் பல நகரங்கள் சுமார் ஐம்பது ஆண்டுகளாக முயன்று பார்த்திருக்கின்றன. எது பலன் தந்தது, எது போட்டோவோடு நின்றுபோனது என்பது இப்போது ஓரளவு தெளிவாகிவிட்டது. பிள்ளைகளிடம் கருத்துக் கேட்பது சுலபம். ஓவியப் போட்டி ஒன்று வைத்தால் நூறு கனவு நகரங்கள் வந்து குவியும். கேட்டதற்குப் பதில் சொல்வதும் அதற்கென்று பணம் ஒதுக்குவதும்தான் கடினம். அந்த இரண்டும் இல்லாத இடத்தில் இளையோர் பங்கேற்பு என்று பேசுவதற்கே பொருள் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

மரமும் திடலும்

கெவின் லிஞ்ச் ஓர் அமெரிக்க நகரத் திட்டமிடல் அறிஞர். ஒரு நகரத்தை அங்கு வாழ்பவர்கள் மனத்துக்குள் எப்படி வரைந்து வைத்திருக்கிறார்கள் என்று ஆராய்ந்து 1960-இல் அவர் எழுதிய ‘தி இமேஜ் ஆஃப் தி சிட்டி’ இன்றும் கட்டடக்கலை மாணவர்கள் படிக்கும் நூல். 1970-களில் யுனெஸ்கோவின் ஆதரவோடு அவர் இன்னொரு வேலையைக் கையில் எடுத்தார். ஆஸ்திரேலியா, அர்ஜென்டினா, மெக்சிகோ, போலந்து ஆகிய நாடுகளின் நகரங்களில், குழந்தைப் பருவம் முடிந்து பதின்பருவத்தில் கால்வைக்கும் பிள்ளைகளைத் தேடி ஆய்வாளர்கள் போனார்கள். கேள்வித்தாளை நீட்டிவிட்டுத் திரும்பவில்லை. உன் பேட்டையை வரைந்து காட்டு என்றார்கள். எங்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக்காட்டு என்றார்கள். எந்த இடம் பிடிக்கும், எங்கே போகப் பயம், எங்கே போக வீட்டில் விடமாட்டார்கள் என்று உட்கார்ந்து பேசினார்கள். அந்த வேலை ‘குரோயிங் அப் இன் சிட்டீஸ்’ என்ற நூலாக 1977-இல் வெளிவந்தது.

அதில் தெரியவந்தது திட்டமிடுபவர்களின் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. அர்ஜென்டினாவின் சால்டா நகரத்தில் லாஸ் ரோசாஸ் என்ற எளிய குடியிருப்பு. அங்கே பணம் அதிகம் இல்லை. மரங்கள் இருந்தன, கூடி நிற்க ஒரு சதுக்கம் இருந்தது, ஒருவரை ஒருவர் தெரிந்த மனிதர்கள் இருந்தார்கள். பிள்ளைகள் தங்கள் இடத்தைப் பெருமையோடு விவரித்தார்கள். மெல்போர்ன் நகரின் மேற்குப் புறத்தில் வெட்டவெளி எவ்வளவோ இருந்தது. அங்கே வளர்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது சலிப்பைப் பற்றித்தான். புல்தரை கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடந்தது; அதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. மரம் வேண்டும் என்ற ஏக்கம் மட்டும் நாடு விட்டு நாடு மாறாமல் வந்தது.

ஒரு வார்டில் எத்தனை சதுர அடி பூங்கா இருக்கிறது என்று எண்ணிக்கை காட்டும் அறிக்கைகளை நாம் நிறையப் பார்க்கிறோம். அந்தப் பூங்கா எத்தனை மணிக்குத் திறக்கிறது, பந்து விளையாட விடுகிறார்களா, ‘புல்தரையில் நடக்காதீர்’ என்று பலகை இருக்கிறதா, அங்கே போகக் கடக்க வேண்டிய சாலையில் சிக்னல் இருக்கிறதா என்பது அந்த அறிக்கையில் இருக்காது. அதைச் சொல்லக்கூடியவர்கள் அங்கே போய்ப் பார்த்து, விரட்டப்பட்டு, திரும்பி வந்தவர்கள்தான்.

லிஞ்சின் நூல் வந்தபோது நகராட்சிகள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, 1990-களின் நடுவில், லூயிஸ் சாவ்லா என்ற ஆய்வாளர் அந்த வேலையைப் புதுப்பித்தார். இந்த முறை எட்டு நகரங்கள். அவற்றில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: பெங்களூரு. அங்கே சத்யநகர் என்ற பகுதியில், மக்கள் தாங்களே கட்டிக்கொண்ட வீடுகளுக்கு நடுவே டேவிட் டிரிஸ்கெலும் காஞ்சன் பானர்ஜியும் பிள்ளைகளோடு வேலை செய்தார்கள்.

சத்யநகரில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு. சாக்கடையும் குப்பையும் சரியாக அள்ளப்படவில்லை. அரசு அளவுகோல் எதை வைத்துப் பார்த்தாலும் அது பின்தங்கிய இடம். ஆனால் அங்குள்ள பிள்ளைகள் தங்கள் தெருவை நண்பர்கள் நிறைந்த இடமாக, கோயிலும் பண்டிகையும் விளையாட்டுமாகக் கலகலப்பான இடமாக வரைந்தார்கள். அதே காலத்தில் ஆஸ்திரேலியாவிலும் கலிபோர்னியாவிலும் ஆய்வு நடந்த பகுதிகளில், குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் பயத்தையும் தனிமையையும் பற்றிப் பேசினார்கள். தெருவில் எவரையும் நம்ப முடியாது என்றார்கள்.

இதை வைத்துக்கொண்டு ஏழ்மை இனிமையானது என்று யாராவது எழுதினால் அது பெரிய அநியாயம். சத்யநகர்ப் பிள்ளைகளுக்குத் தங்கள் பேட்டையில் என்ன குறை என்று தெளிவாகவே தெரிந்திருந்தது. பையன்கள் விளையாடும் நேரத்தில் பெண் பிள்ளைகள் தண்ணீர் பிடிப்பதும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதுமாக இருந்தார்கள் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு: வாழத்தக்க நகரம் என்பதில் குழாயும் வடிகாலும் பாதி. பயமில்லாமல் நடப்பது, தெரிந்த முகங்கள், நாலு பேர் சேர்ந்து நிற்க இடம் என்பவை மறுபாதி. முதல் பாதியை இன்ஜினியர் அளந்துவிடலாம். மறுபாதியை அங்கே வாழ்பவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். குடிசைகளை இடித்து, மக்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் குடியேற்றும்போது முதல் பாதி சில சமயம் கிடைக்கிறது, மறுபாதி அறுந்துவிடுகிறது. சென்னையில் ஆற்றங்கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளில் பலர், பழைய பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டியிருந்ததையும் சிலர் படிப்பையே விட்டுவிட்டதையும் நாம் அறிவோம். வீடு ஒதுக்கும் முன் அந்தப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பள்ளியும் பஸ்ஸும் வந்த பிறகே லாரியில் சாமானை ஏற்றியிருக்கலாம்.

அதே ஆய்வின் இன்னொரு ஊரான ஜோகன்னஸ்பர்க்கில் நடந்ததும் இதையே சொல்கிறது. நகர மையத்துக்கு அருகே கனான்ஸ்லேண்ட் என்ற குடிசைப் பகுதியின் பிள்ளைகள் தங்கள் தேவைகளை வரைந்தும் எழுதியும், மேயரும் அதிகாரிகளும் இருந்த கூட்டத்தில் முன்வைத்தார்கள். பெரியவர்கள் மரியாதையோடு கேட்டார்கள். பிறகு அந்தக் குடியிருப்பே காலி செய்யப்பட்டு, மக்கள் நகரத்துக்கு வெகு தொலைவில் குடியமர்த்தப்பட்டார்கள். கேட்கும் அறையும் முடிவெடுக்கும் அறையும் வெவ்வேறாக இருந்தால் இப்படித்தான் ஆகும்.

எப்படிக் கேட்பது

ஒரு ஹாலில் இருநூறு மாணவர்களை உட்காரவைத்து, மைக்கை நீட்டி ‘நகரம் எப்படி இருக்க வேண்டும்?’ என்று கேட்டால் சுத்தமாக, பசுமையாக, பிளாஸ்டிக் இல்லாமல் என்ற பதில்தான் வரும். அது பாடப்புத்தகத்தின் குரல். பிள்ளையின் சொந்தக் குரல் வெளியே வர இடமும் காலமும் வேண்டும்.

இதுவரை பலன் தந்த வழிகளில் முதன்மையானது நடை. ஐந்தாறு பிள்ளைகள், ஒரு பெரியவர், கையில் அந்தப் பகுதியின் வரைபடம். பள்ளியிலிருந்து வீட்டுக்கு அவர்கள் வழக்கமாகப் போகும் பாதையில், வழக்கமாகப் போகும் நேரத்தில் நடக்க வேண்டும். வழியைத் தீர்மானிப்பது பிள்ளைகள். பெரியவர் பின்னால் போகிறார். நிற்கும் இடத்தையெல்லாம் வரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தால் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் பள்ளி விடும் நேரத்தில் நடந்தால், நடைபாதையில் நிற்கும் டிரான்ஸ்பார்மரும் மின்சாரப் பெட்டியும் பைக்குகளும் எப்படி ஒரு பத்து வயதுப் பையனைச் சாலைக்குள் தள்ளுகின்றன என்பது அரை மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். சக்கர நாற்காலியில் வரும் ஒரு மாணவி அந்தக் குழுவில் இருந்தால், நடைபாதையின் உயரம் பற்றித் தனியாக அறிக்கை எழுத வேண்டிய தேவையே இருக்காது.

அடுத்தது படமெடுப்பது. பிடித்த இடம் மூன்று, பிடிக்காத இடம் மூன்று என்று போனில் எடுத்து வரச் சொல்லி, எதற்காக எடுத்தாய் என்று கேட்க வேண்டும். படத்தைவிட அந்தப் பதில்தான் முக்கியம். மூன்றாவது எண்ணிக்கை: பள்ளி வாசலில் பதினைந்து நிமிடத்தில் எத்தனை வண்டிகள் போகின்றன, எத்தனை பேர் சாலையைக் கடக்கக் காத்திருக்கிறார்கள், எவ்வளவு நேரம். ஏழாம் வகுப்பு மாணவர்கள் இதைப் பிழையில்லாமல் செய்வார்கள். ஒரு வேகத்தடையோ சிக்னலோ கேட்டுப் போகும்போது ‘ரொம்ப வண்டி வருது சார்’ என்பதைவிட ஒரு பட்டியல் கையில் இருப்பது வலுவானது. ஐ.நா.வின் மனிதக் குடியிருப்புகளுக்கான அமைப்பான யுஎன்-ஹேபிடாட், மைன்கிராஃப்ட் விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்தோடு சேர்ந்து 2012-இல் தொடங்கிய திட்டத்தில், நைரோபியின் கிபேரா போன்ற இடங்களில் இளைஞர்கள் தங்கள் பொதுவெளியைக் கணினித் திரையில் கட்டிக் காட்டினார்கள். நல்ல முயற்சி. ஆனால் கணினி இல்லாத பள்ளியில் அட்டைப்பெட்டியும் களிமண்ணும் அதே வேலையைச் செய்யும்.

யாரிடம் கேட்கிறோம் என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். இளையோர் ஒரே கூட்டம் இல்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு வீட்டு வாசலும் தெருமுனையும்தான் நகரம். பதினைந்து வயதுக்காரருக்கு நண்பர்களோடு காசு செலவழிக்காமல் உட்கார ஓர் இடம் வேண்டும். அது கிடைக்காமல்தான் டீக்கடை வாசலிலும் பாலத்துத் திண்டிலும் உட்காருகிறார். போலீஸ்காரர் வந்து விரட்டுகிறார். இருபத்திரண்டு வயதில் உணவு டெலிவரி செய்பவருக்குத் தேவை ஒரு கழிப்பறையும் கொஞ்சம் நிழலும். படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் எந்தப் பள்ளிப் பட்டியலிலும் இருக்கமாட்டார்கள். மேடையில் நன்றாகப் பேசும் நாலு மாணவர்களை மட்டும் அழைத்தால் இவர்கள் யாரும் அந்த அறைக்குள் வரமாட்டார்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் வியன்னா நகரம் செய்ததை விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. 1990-களின் நடுவில் அங்கே பூங்காக்களைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. ஒன்பது வயதுக்குப் பிறகு பெண் பிள்ளைகள் பூங்காவுக்கு வருவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது, பையன்கள் எண்ணிக்கை அப்படிக் குறையவில்லை என்று தெரிந்தது. காரணம் சட்டமோ தடையோ இல்லை. பெரிய திறந்த மைதானத்தை ஒரு பையன் கூட்டம் பந்தோடு பிடித்துக்கொண்டால், போட்டி போட்டு இடம் பிடிப்பதைவிட விலகிப்போவதே பெண் பிள்ளைகளுக்கு எளிதாக இருந்தது. 1999-இல் நகரத்தின் ஐந்தாவது மாவட்டத்தில் இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள். நடைபாதைகள் போட்டார்கள். கைப்பந்து, பூப்பந்து ஆட இடம் ஒதுக்கினார்கள். ஒரே பெரிய வெளியைச் செடிகொடி வைத்துச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள். விரைவிலேயே பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். யாரும் யாரையும் விரட்டாமல் இரண்டு தரப்பும் விளையாடின.

நம் ஊரில் ‘பொண்ணுங்க கிரவுண்டுக்கு வரமாட்டாங்க’ என்பதை இயற்கை நியதி போலச் சொல்லிவிடுகிறோம். ஒரு மாலை வேளையில் மாநகராட்சித் திடலுக்குப் போய் யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். நடுவில் கிரிக்கெட், ஓரத்தில் நடைப்பயிற்சி செய்யும் பெரியவர்கள், சின்னக் குழந்தைகளோடு அம்மாக்கள். பதின்மூன்று வயதுப் பெண் அந்தத் தாளில் எங்கேயும் இருக்கமாட்டாள். அவளைப் பையன்களோடு ஒரே குழுவில் உட்காரவைத்துக் கேட்டால் அவள் பேசவும் மாட்டாள். தனிக் குழுவாக, ஒரு பெண் ஆசிரியரோடு உட்கார்ந்து கேட்க வேண்டும். வெளிச்சம், கழிப்பறை, உட்கார இடம், வெளியேற இரண்டாவது வாசல் என்று அவள் சொல்லும் பட்டியல் செலவில் மிகச் சிறியது.

பங்கேற்பா, அலங்காரமா

ரோஜர் ஹார்ட் என்ற அறிஞர் 1992-இல் யுனிசெஃப் நிறுவனத்துக்காக எழுதிய சிறு நூலில் எட்டுப் படிகள் கொண்ட ஏணி ஒன்றை வரைந்தார். குடிமக்கள் பங்கேற்பைப் பற்றி ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் வரைந்த ஏணியைப் பார்த்துச் செய்தது அது. கீழ் மூன்று படிகளைப் பங்கேற்பே இல்லை என்று ஒதுக்கினார். முதல் படியில், பெரியவர்கள் சொல்ல நினைத்ததைப் பிள்ளைகள் வாயால் சொல்லவைக்கிறார்கள். இரண்டாவதில், ஊர்வலத்திலும் மேடையிலும் பிள்ளைகளை அழகுக்கு நிறுத்துகிறார்கள். மூன்றாவதில், பேச வாய்ப்புத் தருகிறார்கள், ஆனால் எதைப் பேசுவது என்பதும் பேசியது என்ன ஆகும் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியாது. நம் பள்ளிகளிலிருந்து விழிப்புணர்வுப் பேரணிக்கு அழைத்துப்போகப்படும் பிள்ளைகள் வெயிலில் தட்டி பிடித்து நிற்பது இரண்டாம் படி. தட்டியில் எழுதியதும் அவர்கள் இல்லை. அதற்குப் பதில் எதிர்பார்ப்பதும் அவர்கள் இல்லை.

நான்காம் படியிலிருந்துதான் பங்கேற்பு தொடங்குகிறது. அங்கே கூடப் பெரியவர்கள்தான் திட்டத்தைத் தொடங்குகிறார்கள். ஆனால் எதற்காக, யார் முடிவெடுக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். மேலே போகப் போக முடிவிலும் பங்கு வருகிறது. எல்லாத் திட்டமும் உச்சிப் படியில்தான் நடக்க வேண்டும் என்று ஹார்ட் சொல்லவில்லை. ஒரு மேம்பாலத்தின் தூண் கனத்தை மாணவர்களிடம் கேட்கத் தேவையில்லை. அந்தப் பாலத்தின் அடியில் கிடைக்கும் இடத்தை என்ன செய்வது என்று கேட்கலாம். எதைப் பற்றிக் கேட்கிறோம், எதைப் பற்றி முடிவு ஏற்கெனவே ஆகிவிட்டது என்பதை முதல் நாளே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

அதிகாரத்தோடு பணமும் கொடுத்துப் பார்த்த ஊர்களில் பிரேசிலின் பார்ரா மான்சாவை முதலில் சொல்ல வேண்டும். ரியோ டி ஜெனிரோ மாநிலத்தில் உள்ள நடுத்தர அளவு நகரம் அது. 1990-களின் இறுதியில் அங்கே சிறுவர் மன்றம் ஒன்று அமைந்தது. ஒன்பது முதல் பதினைந்து வயது வரையிலான பிள்ளைகள் முதலில் தங்கள் பேட்டையில் கூடிப் பேசினார்கள், பிறகு வட்டார அளவில், கடைசியாக நகர அளவில். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கலந்துகொண்ட அந்தக் கூட்டங்களிலிருந்து 36 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள்: 18 சிறுவர்கள், 18 சிறுமிகள். சரிபாதி என்பது விதி. நகராட்சி வரவு செலவில் ஆண்டுக்குச் சுமார் 1,25,000 டாலரை எதற்குச் செலவழிப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் இந்த மன்றத்துக்கு இருந்தது. நகராட்சியின் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. பிள்ளைகள் அதைப் பள்ளிக் கட்டடங்களைப் பழுதுபார்க்கவும் விளையாட்டு இடங்களுக்கும் ஏழைக் குடியிருப்புகளின் வடிகாலுக்கும் கொடுத்தார்கள். வடிகாலைப் பிள்ளைகள் தேர்ந்தெடுப்பார்கள் என்று எத்தனை பேர் எதிர்பார்த்திருப்பார்கள்? சாக்கடைத் தண்ணீருக்குப் பக்கத்தில் பந்து விளையாடுகிறவர்களுக்கு அது தெரியாமல் போகுமா?

வயதில் மூத்தவர்களையும் சேர்த்துக்கொண்ட முயற்சி அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 2014-இல் நடந்தது. நகரத்தின் மூலதனச் செலவிலிருந்து 10 லட்சம் டாலரை எடுத்து, 12 முதல் 25 வயது வரை உள்ளவர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்று ஒதுக்கினார்கள். நூற்றுக்கணக்கில் யோசனைகள் வந்தன. அவற்றை அப்படியே ஓட்டுக்கு விடவில்லை. இளைஞர் குழுக்கள் நகராட்சி அலுவலர்களோடு சில மாதங்கள் உட்கார்ந்து, எது சாத்தியம், என்ன செலவு, நிலம் யாருடையது என்று சல்லடை போட்டார்கள். அது மூலதனப் பணம் என்பதால் கட்டடம், திடல், கருவி என்று நீடித்து நிற்பவற்றுக்கு மட்டுமே செலவழிக்க முடியும். சம்பளத்துக்கோ வகுப்புகளுக்கோ முடியாது. இந்த விதியும் முன்கூட்டியே சொல்லப்பட்டது. கடைசியில் சுமார் 1,500 இளையோர் ஓட்டளித்தார்கள். ஒரு பெரிய பூங்காவின் விளையாட்டிடத்தைப் புதுப்பிப்பது, உயர்நிலைப் பள்ளிகளுக்கு மடிக்கணினி, சுவரோவியங்களுக்கு இடம் ஆகியவை தேர்வான திட்டங்களில் அடங்கும்.

என்னைக் கேட்டால், அந்த முயற்சியில் மிகப் பயனுள்ள பகுதி ஓட்டு இல்லை, சல்லடை போட்ட மாதங்கள்தான். ஒரு தெருவிளக்குக் கம்பத்துக்கு எவ்வளவு செலவாகும், டெண்டர் என்றால் என்ன, ஒரு காலி இடம் மாநகராட்சியுடையதா வருவாய்த் துறையுடையதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பதினேழு வயதில் ஒருவர் கற்றுக்கொண்டால், வாழ்நாள் முழுக்க அவர் தன் ஊரில் ஏமாற்றப்படுவது கடினம்.

இத்தாலியின் ஃபானோ நகரத்தையும் விட்டுவிட முடியாது. பிரான்செஸ்கோ தொனுச்சி என்ற உளவியலாளர் தன் சொந்த ஊரான அங்கே 1991-இல் ‘பிள்ளைகளின் நகரம்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். வேலைக்குப் போகும், கார் ஓட்டும், நடுவயது ஆண் ஒருவரை மனத்தில் வைத்துத்தான் நகரங்கள் கட்டப்படுகின்றன. அந்த இடத்தில் ஒரு பிள்ளையை வைத்துப் பாருங்கள் என்பது அவர் வாதம். பிள்ளை தனியாக நடந்து பள்ளிக்குப் போக முடிகிற நகரத்தில் முதியவரும் கர்ப்பிணியும் மாற்றுத்திறனாளியும் நடக்க முடியும். ஃபானோவில் பிள்ளைகளுக்கென்று மன்றம் அமைந்தது. பிறகு ஸ்பெயினிலும் அர்ஜென்டினாவிலும் பல நகரங்கள் அந்த வழியில் வந்தன.

நம் ஊரில் எந்தக் கதவு திறந்திருக்கிறது

ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 1989-இல் வந்தது. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும் அந்தக் கருத்து மதிக்கப்படவும் பிள்ளைக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 12-ஆம் பிரிவு. விளையாட்டும் ஓய்வும் உரிமை என்கிறது 31-ஆம் பிரிவு. இந்தியா 1992-இல் இதை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு நிறைவேறிய 74-ஆம் அரசியல் சட்டத் திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்கு உயிர் கொடுத்தது. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றது. இந்த இரண்டு நல்ல சட்டங்களும் ஒன்றையொன்று இன்னும் சந்திக்கவில்லை.

தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதிகள் 2022-இல்தான் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. கிராம சபை போலவே பகுதி சபையும் வாக்காளர்களின் கூட்டம். ஆக, 18 வயதுக்காரருக்கு அங்கே பேச இடம் உண்டு. 21 வயதில் கவுன்சிலர் தேர்தலில் நிற்கலாம். 2022-இல் 28 வயதுப் பெண் ஒருவர், ஆர். பிரியா, சென்னையின் மேயரானார். ஆனால் 18-க்குக் கீழே உள்ளவர்களுக்கு முறையான இடம் எதுவும் இல்லை. கர்நாடகத்தில் கிராமப் பஞ்சாயத்துகள் ஆண்டுக்கு ஒருமுறை சிறுவர்களுக்கென்றே தனி கிராம சபை நடத்த வேண்டும் என்று 2006-இல் அரசு உத்தரவிட்டது. நம்மிடம் கன்னியாகுமரிப் பக்கத்தில் வேர்விட்ட குழந்தைகள் பாராளுமன்றங்கள் இருக்கின்றன. சில வீடுகளுக்கு ஒன்றாகக் கூடி, சுகாதாரத்துக்கு ஒரு பிள்ளை, கல்விக்கு ஒரு பிள்ளை என்று பொறுப்பெடுத்துக்கொள்கிறார்கள். பகுதி சபைக்கு முந்தைய வாரத்தில் பிள்ளைகளின் சபை ஒன்றை நடத்தி, அதன் தீர்மானத்தைப் பகுதி சபையில் கட்டாயம் வாசிக்க வேண்டும் என்று அரசு ஒரு வரி சேர்த்தால் போதும். செலவு ஏதும் இல்லை.

அந்த வரி வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மாணவர்கள் மனுக் கொடுத்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 ‘குடிமக்கள்’ என்றுதான் சொல்கிறது; வயது வரம்பு போடவில்லை. சென்னையில் தெருவிளக்கு எரியாததையும் குப்பை அள்ளாததையும் 1913 என்ற எண்ணில் சொல்லலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரோடு உள்ளாட்சிப் பிரதிநிதியும் இருக்கிறார்; பள்ளி வாசலின் ஆபத்தை அவரிடம் நேரே சொல்ல அதைவிட நல்ல இடம் இல்லை.

நிலம் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில் கட்டும்போதும் மனை பிரிக்கும்போதும் 10 சதவீதத்தைப் பொதுவெளிக்காக ஒதுக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதில் பணமும் கட்டலாம். அதைத் தாண்டினால் நிலமாகவே உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று சொல்வார்கள். நகரமெங்கும் இப்படி ஒப்படைத்த நிலங்கள் உண்டு. சில பூங்காவாயின. சில புதர் மண்டிக் கிடக்கின்றன, சில பார்க்கிங் ஆகிவிட்டன. தங்கள் வார்டில் அவை எங்கெங்கே என்று பட்டியல் கேட்டு வாங்கி, நேரில் போய்ப் பார்த்து, வரைபடத்தில் குறிப்பது ஒரு கல்லூரி என்.எஸ்.எஸ். அணிக்கு உகந்த வேலை. மரக்கன்று நட்டுப் படமெடுத்துக்கொள்வதைவிட அது ஊருக்கு அதிகம் உதவும்.

கடைசியாக நாட்காட்டி. மாநகராட்சி பட்ஜெட் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் தாக்கலாகும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத்தேர்வும் அதையொட்டித்தான் வரும். ஜனவரியில் விழித்துக்கொண்டால் பிள்ளைகளுக்கும் நேரம் இருக்காது, மாநகராட்சிக்கும் இருக்காது. ஆகவே ஜூலை, ஆகஸ்டில் நடையை முடித்துவிட வேண்டும். காலாண்டு விடுமுறைக்குப் பிறகு வரைபடத்தைச் சரிசெய்யலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் அதே பாதையில் இன்னொரு முறை நடந்து, தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த இடத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று சேர்க்க வேண்டும். வார்டு உதவிப் பொறியாளரிடம் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் என்ன செலவாகும் என்று தெரிந்துகொண்டு, மூன்றே மூன்று கோரிக்கைகளை டிசம்பருக்குள் கவுன்சிலரிடமும் மண்டல அலுவலகத்திலும் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். பட்ஜெட் முடிந்து, பள்ளி ஆண்டு முடிவதற்குள் கவுன்சிலரின் பதில் பள்ளி அறிவிப்புப் பலகையில் வர வேண்டும்: எது எடுத்துக்கொள்ளப்பட்டது, எது இல்லை, ஏன் இல்லை. ஜூனில் புதிதாக வரும் வகுப்பு, அந்த ‘ஏன் இல்லை’ என்பதிலிருந்து வேலையைத் தொடங்கும்.